கணிப்பொறி விழிக்கும் வேளையில் விசைப்பலகை ஏன் பேசுவதில்லை?

மேசைமேல் கம்பியில்லா விசைப்பலகை ஒன்று இருக்கிறது. கணிப்பொறியின் பொத்தானை அழுத்துகிறோம். திரையில் தயாரிப்பாளரின் சின்னம் தோன்றுகிறது. அதன் அடியில், 'அமைப்புகளை மாற்ற எஃப்-2 விசையை அழுத்துக' என்று சிறிய எழுத்தில் ஒரு வரி. நாமும் அழுத்துகிறோம், மீண்டும் மீண்டும் அழுத்துகிறோம். கணிப்பொறியின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சில விநாடிகளில் அந்த வரி மறைந்து, விண்டோஸ் வந்து நிற்கிறது. இப்போது அதே விசைப்பலகையில் தட்டினால் எழுத்துகள் ஒன்று விடாமல் பதிகின்றன!

விசைப்பலகை பழுதாகிவிட்டதா? அப்படியானால் இப்போது எப்படி வேலை செய்கிறது? பழுது இல்லையென்றால் சற்று முன்பு ஏன் வேலை செய்யவில்லை? காரணம் தெரியாமல் நல்ல விசைப்பலகையைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. நாம் அவ்வாறு செய்ய வேண்டாம். இந்தப் புதிரை விடுவிக்கப் புறப்பட்டால், கணிப்பொறி எப்படித் துயில் எழுகிறது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளலாம்.

காவலாளியும் தலைமையாசிரியரும்

பொத்தானை அழுத்திய கணத்தில் கணிப்பொறியின் முதன்மை நினைவகம் வெறுமையாக இருக்கும். விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க அமைப்புகள் அப்போது வட்டில் உறங்கிக்கொண்டிருக்கும். அவற்றை எழுப்பி நினைவகத்திற்குக் கொண்டுவர ஒருவர் வேண்டுமல்லவா?

அந்த வேலைக்கென்றே தாய்ப்பலகையில் சிறிய சில்லு ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. மின்சாரம் நின்றாலும் அழியாத ஓர் ஆணைத்தொடர், அதாவது புரோகிராம், அதில் பதிந்திருக்கும். பழைய கணிப்பொறிகளில் இதற்குப் பயாஸ் என்று பெயர். இப்போதைய கணிப்பொறிகளில் யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் புதிய வகை உள்ளது. பேச்சு வழக்கில் இரண்டையுமே பயாஸ் என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். இன்டெல் வகைச் செயலகம் மின்சாரம் பெற்றதும், 4 ஜிகாபைட் எல்லைக்குச் சரியாக 16 பைட்டுகள் கீழே உள்ள முகவரியிலிருந்து தன் முதல் ஆணையைப் படிக்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. அந்த முகவரியில் காத்திருப்பது பயாஸ்தான்.

பள்ளிக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். காலையில் முதலில் வருபவர் காவலாளி. அவர் வாயிற்கதவைத் திறக்கிறார். விளக்குகள் எரிகின்றனவா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறார். பிறகு தலைமையாசிரியர் வந்ததும் சாவிக்கொத்தை அவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். கணிப்பொறியில் பயாஸ் காவலாளி. இயக்க அமைப்பு தலைமையாசிரியர். பயாஸ் நினைவகத்தைச் சோதிக்கிறது, திரையை எழுப்புகிறது, வட்டைத் தேடுகிறது, விசைப்பலகை உண்டா என்று பார்க்கிறது. பின்னர் வட்டிலுள்ள இயக்க அமைப்பை ஏற்றி, பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடுகிறது.

நம் புதிருக்கான முதல் துப்பு இங்கே கிடைக்கிறது. 'எஃப்-2 அழுத்துக' என்று சொன்னவர் காவலாளி. கடவுச்சொல்லைக் கேட்டவர் தலைமையாசிரியர். இருவரும் வேறு வேறு ஆள். ஒருவருக்குப் புரியும் மொழி மற்றவருக்கும் புரியும் என்று நாம் எப்படி எதிர்பார்க்க முடியும்?

எழுத்தல்ல, எண்

அப்படியானால் விசைப்பலகை எந்த மொழியில் பேசுகிறது? 'ஏ' விசையை அழுத்தினால் அது 'ஏ' என்னும் எழுத்தை அனுப்புவதில்லை, எண்களையே அனுப்புகிறது. யூ.எஸ்.பி. வழியாக இணையும் விசைப்பலகைகளுக்கென்று மிக எளிய மொழி ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. அம்மொழியில் ஒவ்வொரு செய்தியும் எட்டே எட்டு எண்கள். முதல் எண் ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் போன்ற துணை விசைகளைக் குறிக்கும். இரண்டாவது எண் எப்போதும் பயனின்றி விடப்படும். மீதி ஆறும் அப்போது அழுந்தியிருக்கும் விசைகளின் எண்கள். ஆகவே ஒரே நேரத்தில் ஆறு சாதாரண விசைகளைத்தான் இம்மொழியில் சொல்ல முடியும்.

ஆங்கில அகர வரிசையில் 'ஏ' விசைக்கு எண் 4, 'பி'க்கு 5, கடைசி எழுத்தான 'இஸட்'டுக்கு 29. 'ஏ' விசையை மட்டும் அழுத்தினால் செல்லும் செய்தி:

0, 0, 4, 0, 0, 0, 0, 0

இடப்பக்க ஷிஃப்டுக்கு எண் 2. அதையும் சேர்த்து அழுத்தினால்:

2, 0, 4, 0, 0, 0, 0, 0

எஃப்-2 விசைக்கு எண் 59. விரலை எடுத்ததும் எட்டும் சுழியாகிவிடும். அவ்வளவுதான் மொழி! சிறிய பயாஸ் சில்லுக்குள் எளிதாக அடங்கவேண்டும் என்பதற்காகவே இதை இவ்வளவு சுருக்கமாக வைத்தார்கள்.

மூன்று எண்களில் ஓர் அறிமுகம்

யூ.எஸ்.பி.யில் எதைச் செருகினாலும், 'நீ யார்?' என்று கணிப்பொறி முதலில் கேட்கும். செருகிய பொருள் மூன்று எண்களால் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். விசைப்பலகை சொல்லும் எண்கள் 3, 1, 1. முதல் 3, 'நான் மனிதர் கையாளும் கருவி' என்று பொருள்படும். அடுத்த 1, 'காவலாளியின் எளிய மொழி எனக்குத் தெரியும்' என்று பொருள்படும். கடைசி 1, 'நான் விசைப்பலகை' என்று பொருள்படும். சுட்டெலியாக இருந்தால் கடைசி எண் 2. 3, 1, 1 என்று கேட்டவுடன் பயாஸ், 'சரி, எளிய மொழியிலேயே பேசு' என்று ஆணையிட்டுவிட்டுச் செவிசாய்க்கத் தொடங்கும்.

இனி, கம்பியில்லா விசைப்பலகைக்கு வருவோம். கடைகளில் இரு வகைகள் கிடைக்கின்றன. இரண்டுமே ஏறத்தாழ 2,400 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள வானொலி அலைகளால் பேசுகின்றன. ஆயினும் கணிப்பொறி விழிக்கும் வேளையில் அவற்றின் போக்கு முற்றிலும் வேறுபடுகிறது.

முதல் வகையுடன் நகத்தளவு ரிசீவர் ஒன்று வரும். அதை யூ.எஸ்.பி. துளையில் செருகவேண்டும். விசைப்பலகையும் ரிசீவரும் தங்களுக்குள் இரகசிய மொழியில் பேசிக்கொள்ளும். ஆனால் கணிப்பொறி 'நீ யார்?' என்று கேட்டால், ரிசீவர் கூசாமல் '3, 1, 1' என்று சொல்லிவிடும்! வானொலி அலை நடுவில் இருப்பதே பயாஸுக்குத் தெரியாது. கம்பி விசைப்பலகை ஒன்று இணைந்திருப்பதாகவே அது எண்ணிக்கொள்ளும். எனவே இவ்வகை பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே வேலை செய்யும்.

இரண்டாவது வகை புளூடூத். இதற்குத் தனி ரிசீவர் இல்லை. கணிப்பொறிக்குள்ளேயே இருக்கும் புளூடூத் கருவியுடன் இது பேசுகிறது. அந்தக் கருவியிடம் 'நீ யார்?' என்று கேட்டால் வரும் விடை பெரும்பாலும் 224, 1, 1. 'நான் வானொலிக் கருவி' என்பது இதன் பொருள். விசைப்பலகை என்ற பேச்சே இதில் இல்லை. அப்பால் ஒரு விசைப்பலகை இருப்பதை அறிய, அக்கருவியை இயக்கும் பெரிய ஆணைத்தொடர் வேண்டும். பெரும்பாலான பயாஸ்களில் அது கிடையாது. விசைப்பலகை உரக்கக் கூவினாலும் காவலாளிக்குக் கேட்காததன் காரணம் இதுதான்.

பெட்டிக்குள் சாவி

புளூடூத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்து வீட்டு விசைப்பலகை உங்கள் கணிப்பொறியில் எழுதக்கூடாதல்லவா? அதற்காக, முதன்முறை இணைக்கும்போதே கணிப்பொறியும் விசைப்பலகையும் ஓர் இரகசிய எண்ணை ஏற்படுத்திக்கொள்கின்றன. 128 இரும இலக்கங்கள் கொண்ட எண் அது. அடுத்த முறை சந்திக்கும்போது இருவரிடமும் அதே எண் இருந்தால்தான் பேச்சு தொடங்கும். கணிப்பொறி தன் பங்கை எங்கே வைத்துக்கொள்கிறது? வழக்கமாக, இயக்க அமைப்பு இருக்கும் வட்டில்தான்.

இப்போது ஒருவர், திருட்டுக்கு அஞ்சி வட்டு முழுவதையும் சங்கேத மொழியில் பூட்டிவிட்டார் என்று கொள்வோம். கணிப்பொறியைப் போட்டதும் கடவுச்சொல் கேட்கும். கடவுச்சொல்லைத் தட்ட விசைப்பலகை வேண்டும். விசைப்பலகை பேச இரகசிய எண் வேண்டும். இரகசிய எண் வட்டில் இருக்கிறது. வட்டைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும்! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான் இது. தேர்வுக்கு முதல் நாள் இரவு இப்படி நேர்ந்தால், எழுதி வைத்த குறிப்புகள் அனைத்தும் கண்ணெதிரே இருந்தும் கைக்கு எட்டாமல் போய்விடும்.

பயாஸுக்குப் புளூடூத்தைக் கற்றுக்கொடுக்கவே முடியாது என்பதில்லை. 2015-இல் வெளியான யூ.ஈ.எஃப்.ஐ. விதித்தொகுப்பின் 2.5 பதிப்பில் புளூடூத்துக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் மாக் கணிப்பொறிகள் பலவற்றில் இவ்வசதி உண்டு. ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் இதைச் சேர்ப்பதில்லை.

1983-இல் ஒரு முன்னோடி

கம்பியில்லா விசைப்பலகை புதிய பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். ஐ.பி.எம். நிறுவனம் 1983-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 'பி.சி. ஜூனியர்' என்ற வீட்டுக் கணிப்பொறியை அறிவித்தது. அதன் விசைப்பலகை, இன்றைய தொலைக்காட்சி ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிர்களால் பேசியது. ஆனால் பொத்தானை அழுத்தியதிலிருந்தே அது வேலை செய்தது. எப்படி? அகச்சிவப்புத் துடிப்புகளை எண்ணி, எந்த விசை என்று கண்டறியும் ஆணைத்தொடரை அதன் பயாஸிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அங்கே காவலாளிக்கே அந்த மொழி தெரிந்திருந்தது. ஆகவே குறை 'கம்பி இல்லாமை'யில் இல்லை. கேட்பவருக்கு மொழி தெரியாமையில்தான் இருக்கிறது.

துப்பறிவோம்

காரணத்தை அறிந்தோம். இனி, உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ இத்தகைய கணிப்பொறி இருந்தால் எப்படி ஆராய்வது என்று பார்ப்போம். விதி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால், எதனால் குணமாயிற்று என்று தெரியாமலே போய்விடும்.

1. இயக்க அமைப்பு வந்தபின் விசைப்பலகை வேலை செய்கிறதா? இல்லையென்றால் பாட்டரியையும், விசைப்பலகையின் அடியிலோ ஓரத்திலோ உள்ள ஸ்விட்சையும் பாருங்கள். வேலை செய்கிறதென்றால் விசைப்பலகை நன்றாகவே இருக்கிறது. அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

2. அது ரிசீவர் வகையா, புளூடூத் வகையா? சில விசைப்பலகைகளில் இரண்டும் உண்டு. அவற்றில் தொடக்க வேளைக்கு ரிசீவரையே பயன்படுத்துங்கள். புளூடூத் மட்டுமே உள்ளதென்றால் காரணம் பெரும்பாலும் கிடைத்துவிட்டது.

3. கம்பி விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கி அதே துளையில் செருகிப் பாருங்கள். இது ஓர் ஒப்பீட்டுச் சோதனை. அதுவும் வேலை செய்யவில்லையென்றால் குறை துளையிலோ பயாஸ் அமைப்பிலோ உள்ளது. அது வேலை செய்தால் குறை ரிசீவர் பக்கம் உள்ளது.

4. ரிசீவரை இடம் மாற்றுங்கள். திரையிலுள்ள துளையிலோ, பல துளைகள் கொண்ட ஹப்பிலோ இருந்தால் எடுத்து, கணிப்பொறிப் பெட்டியின் பின்புறத் துளையில் நேராகச் செருகுங்கள். நீல நிறத் துளையை விடக் கறுப்புத் துளை நல்லது. நீலத் துளை பெரும்பாலும் யூ.எஸ்.பி. 3 வகை. அதன் வேகமான மின்துடிப்புகள் 2,400 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வானொலி இரைச்சலைக் கிளப்புகின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை விளக்கியது. சிறிய நீட்டிப்புக் கம்பியில் ரிசீவரைத் தள்ளி வைத்தாலும் பலன் தெரியும்.

5. விசைப்பலகையை முதலில் எழுப்புங்கள். பாட்டரியைச் சேமிக்க அது அடிக்கடி உறங்கிவிடும். முதல் தட்டு அதை எழுப்புவதற்கே செலவாகலாம். கணிப்பொறியோ சில விநாடிகள்தான் காத்திருக்கும். ஆகவே பொத்தானை அழுத்துமுன் ஏதேனும் ஒரு விசையைத் தட்டுங்கள். பிறகு எஃப்-2 விசையை அமுக்கிப் பிடிக்காமல் விட்டு விட்டுத் தட்டுங்கள்.

6. எஃப்-2 உண்மையிலேயே எஃப்-2 தானா? பல விசைப்பலகைகளில் அதே விசைமேல் ஒலி, ஒளி ஆகியவற்றைக் கூட்டும் படமும் இருக்கும். சும்மா அழுத்தினால் அந்தப் பணிக்குரிய செய்தி போகும். காவலாளியின் எட்டு எண் மொழியில் அதற்கு இடமே இல்லை. எஃப்.என். என்று எழுதிய விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

7. கடைசியாக, பயாஸ் அமைப்பைப் பாருங்கள். 'ஃபாஸ்ட் பூட்' என்னும் விரைவுத் தொடக்கம் இயங்கினால், சில தாய்ப்பலகைகள் நேரத்தை மிச்சப்படுத்த யூ.எஸ்.பி. துளைகளை எழுப்பாமலே கடந்துவிடும். அதை நிறுத்துங்கள். யூ.எஸ்.பி. விசைப்பலகைக்கான ஆதரவு நிறுத்தப்பட்டிருந்தால் அதை இயங்கச் செய்யுங்கள்.

'விசைப்பலகையே வேலை செய்யாதபோது பயாஸுக்குள் எப்படிப் போவது?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. பழைய கணிப்பொறிகளில், 'விசைப்பலகை இல்லை. தொடர எஃப்-1 அழுத்துக' என்று செய்தி வரும். அதைக் கண்டு சிரிக்காதவர் இல்லை. இன்று அதற்குப் பின்வாசல் வழி ஒன்று உண்டு. விண்டோஸ் 8-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும், விண்டோஸ் இயங்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு 'ரீஸ்டார்ட்' என்பதைச் சுட்டெலியால் தேர்ந்தெடுத்தால் நீல நிறப் பட்டியல் ஒன்று வரும். அதன் உட்பிரிவுகளில் யூ.ஈ.எஃப்.ஐ. அமைப்புகளுக்குச் செல்லும் வழி இருக்கும். தலைமையாசிரியரிடம் சொல்லிக் காவலாளியின் அறைக்குப் போவது போன்றது இது.

சாவி கைமாறும் நேரம்

சில வேளைகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும். பயாஸில் விசைப்பலகை நன்றாக வேலை செய்யும். இயக்க அமைப்பு தொடங்கியதும் நின்றுவிடும். பயாஸ் ஒதுங்கிக்கொண்டது, புதியவர் இன்னும் விசைப்பலகையைக் கவனிக்கத் தொடங்கவில்லை என்று இதற்குப் பொருள்.

2015-இல் இது பலருக்கு நேர்ந்தது. அந்த ஆண்டு வந்த இன்டெல் ஆறாம் தலைமுறைக் கணிப்பொறிகளில் பழைய வகை யூ.எஸ்.பி. கட்டுப்பாட்டுச் சுற்று நீக்கப்பட்டு, புதிய வகை மட்டுமே இருந்தது. 2009-இல் வெளியான விண்டோஸ் 7-க்கு அப்புதிய சுற்று தெரியாது. அதை அக்கணிப்பொறிகளில் நிறுவ முயன்றவர்களுக்குப் பயாஸ் வரை விசைப்பலகை வேலை செய்தது. நிறுவும் திரை வந்ததும் விசைப்பலகையும் சுட்டெலியும் சேர்ந்தே நின்றுவிட்டன. உரிய ஆணைத்தொடரை நிறுவும் வட்டில் முன்கூட்டியே சேர்த்த பிறகுதான் வேலை நடந்தது. பூட்டிய வட்டுள்ள லினக்ஸ் கணிப்பொறிகளிலும், தொடக்கத்தில் ஏறும் சிறு தொகுப்பில் ரிசீவருக்கான ஆணைத்தொடர் விடுபட்டால் இதே நிலைதான்.

ஆகவே 'விசைப்பலகை வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தக் கட்டத்தில் வேலை செய்யவில்லை, அந்தக் கட்டத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்று கேட்கவேண்டும். மருத்துவர், 'வலி எப்போது வருகிறது?' என்று கேட்பது போன்றது இக்கேள்வி. பாதி நோய் அதிலேயே விளங்கிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள்

வட்டு பூட்டப்பட்டிருக்கும் கணிப்பொறியில் பயாஸ் அமைப்பை மாற்றினால், அடுத்த முறை அது நீண்ட மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் ஒரு தாளில் எழுதப்பட்டுக் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாற்றுங்கள். வீட்டிலுள்ள பெரியவரையோ ஆசிரியரையோ கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

இரண்டாவது, பயாஸ் அமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சிலர் தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் பொத்தான் செல்லைக் கழற்றுவார்கள். அதைச் செய்யுமுன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். கழற்றிய செல்லைச் சிறு குழந்தைகள் கையில் எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழலை அரித்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கும்.

இவற்றையெல்லாம் விட எளிய முன்னேற்பாடு ஒன்று உண்டு. விலை குறைந்த கம்பி விசைப்பலகை ஒன்றை அலமாரியில் வைத்திருங்கள். 3, 1, 1 என்று சொல்லத் தெரிந்த அந்த எளிய நண்பன், நெருக்கடி வேளையில் கைகொடுப்பான்.

செய்து பாருங்கள்

கம்பி விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் விளக்கு எரிகிறதல்லவா? அவ்விளக்கை ஏற்றுவது பொதுவாக விசைப்பலகை அன்று. 'விளக்கைப் போடு' என்று கணிப்பொறி திருப்பி அனுப்பும் செய்தியே அதை ஏற்றுகிறது. ஆகவே விளக்கு மாறினால், அங்கே யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். கணிப்பொறியைப் போட்டதிலிருந்து விநாடிக்கு ஒருமுறை அவ்விசையைத் தட்டி வாருங்கள். விளக்கு எப்போது பணியத் தொடங்குகிறது? நடுவில் சிறிது நேரம் பணியாமல் இருக்கிறதா? கைக்கடிகாரத்தைப் பார்த்து விநாடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவி கைமாறும் நேரத்தை நீங்களே அளந்துவிடலாம்!

சிந்தியுங்கள்

1. இடப்பக்கக் கன்ட்ரோலுக்கு எண் 1, இடப்பக்க ஆல்ட்டுக்கு எண் 4, டெலீட் விசைக்கு எண் 76. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் செல்லும் எட்டு எண்கள் யாவை? (துணை விசைகளின் எண்களைக் கூட்டவேண்டும்.)

2. ஒரே கணிப்பொறியில் விண்டோஸும் லினக்ஸும் உள்ளன. விண்டோஸில் இணைத்த புளூடூத் விசைப்பலகையை லினக்ஸிலும் புதிதாக இணைத்தோம். மீண்டும் விண்டோஸுக்கு வந்தால் விசைப்பலகை பேச மறுக்கிறது. ஏன்?

விடைகள்: 1. 5, 0, 76, 0, 0, 0, 0, 0. 2. இரு அமைப்புகளும் ஒரே புளூடூத் கருவியைத்தான் பயன்படுத்துகின்றன. லினக்ஸில் இணைத்தபோது விசைப்பலகை பழைய இரகசிய எண்ணை விட்டுவிட்டுப் புதியதை ஏற்றுக்கொண்டது. விண்டோஸிடமோ பழைய எண்தான் இருக்கிறது.